சிரட்டையும் தீர்ப்பும்

மறைந்துபோன ஒன்றைப்பற்றி எவ்வளவு பேச நமக்கு உரிமை உண்டு? இறந்தவர் சாட்சி சொல்ல வரமாட்டார். நாம் சொல்வதை மறுத்துரைக்கவும் வரமாட்டார். அவர் விட்டுச்சென்ற சிறு துண்டொன்று நம் கையிற் கிடைக்கின்றது. அதனைக்கொண்டு அவர் வாழ்வை உருவாக்கிக் காட்டுகின்றோம். சில வேளைகளில் அவருக்குத் தண்டனையும் விதித்துவிடுகின்றோம். வரலாறு எழுதுவோர், பாடநூல் ஆக்குவோர், வகுப்பறையில் அவற்றை விளக்குவோர் ஆகிய எல்லோரையும் எதிர்நோக்கும் அறவியற் பிரச்சினை இதுவாகும். இதனைப் பொதுப்படப் பேசுவதினும் ஓர் உதாரணத்தின் வழியாக ஆராய்வது பயன்தரும். பசுபிக் சமுத்திரத்தின் நடுவே, ஒரு தீவின் குகையிற் கிடைத்த சில மரக்கொட்டைகளே அவ்வுதாரணம்.

ராப்பா நூயி என அதன் மக்கள் வழங்கும் அத்தீவை உலகம் ஈஸ்டர் தீவு என்று அறியும். அதன் பரப்பு ஏறத்தாழ 164 சதுர கிலோமீற்றர். தென்னமெரிக்கக் கரையிலிருந்து அது சுமார் 3,500 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. 1722ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யாக்கோப் ரொக்கவீன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் அதனைக் கண்டார். அன்றைய திருநாளின் பெயரையே தீவுக்குச் சூட்டினார். கரையில் மாபெருங் கற்சிலைகள் நின்றன. வாழையும் கரும்பும் வற்றாளையும் செழித்து வளர்ந்தன. ஆனாற் பெருமரம் எதுவும் இல்லை. மோவாய் எனப்படும் அச்சிலைகள் 900க்கும் மேற்பட்டவை. வடமும் மரமும் இன்றி இவற்றை எவ்வாறு நகர்த்தினர் என்ற கேள்வி அன்றே பிறந்தது.

விடை மண்ணுக்குள் இருந்தது. ஜோன் பிளென்லி என்னும் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் 1970களின் பிற்பகுதியில் அத்தீவின் எரிமலை வாய்களில் உள்ள சதுப்புக்களைத் துளைத்து, ஆண்டாண்டாகப் படிந்த சேற்றை வெளியே எடுத்து ஆராய்ந்தார். ஆழமான படைகளிற் பனைக்குடும்பத்து மகரந்தமணிகள் மிகுதியாக இருந்தன. மேற்படைகளில் அவை அருகி, பின் இல்லாமற் போயின. புல் மட்டுமே வளரும் தீவு ஒரு காலத்திற் காடு செறிந்த தீவாக இருந்தது என்பது இதனால் வெளியாயிற்று. ஆயினும் மகரந்தமணி, அக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லுமேயன்றி இன்ன மரம் என்று திட்டமாகச் சொல்லமாட்டாது.

1983ஆம் ஆண்டில் அத்தீவுக்குச் சென்ற சிலர் ஒரு குகையினுள்ளே காய்ந்த கொட்டைகள் பலவற்றைக் கண்டெடுத்தனர். ஏறத்தாழக் கொட்டைப்பாக்கின் அளவுடைய சிரட்டைகள் அவை. சதை போய்விட்டது; உள்ளிருந்த பருப்பும் போய்விட்டது. வன்மையான ஓடு மட்டும் எஞ்சியிருந்தது. அவை கல்லாய் இறுகிய பழம்பெரும் உயிர்ச்சுவடுகள் அல்ல. சில நூற்றாண்டுகளே பழைமையானவை. பாதி உயிர்ச்சுவடு எனலாம். தேங்காயைக் கையிலெடுத்துப் பார்த்தவர் எவரும் அச்சிரட்டையின் உறவை அறிந்துகொள்வர். அதிலும் மூன்று கண்கள் உண்டு. நம் வீட்டு அடுப்படியில் நாள்தோறும் உடைபடும் தேங்காயும் அக்குகையிற் கிடந்த சிரட்டையும் ஒரே குலத்தின் தூரத்து உறவினர். அம்மூன்று கண்களே அதன் பிறப்புச் சான்றிதழ்.

இலண்டனை அடுத்த கியூ தாவரவியற் பூங்காவிற் பணியாற்றிய பனைக்குடும்ப நிபுணராகிய ஜோன் டிரான்ஸ்பீல்டின் பார்வைக்கு அச்சிரட்டைகள் வந்தன. சிலி நாட்டில் வளரும் யூபேயா என்னும் பருத்த தண்டுடைய மரத்தின் கொட்டைகளை அவை மிகவும் ஒத்திருந்தன. 1984இல் அவரும் பிளென்லியும் வேறு மூவரும் சேர்ந்து இச்செய்தியை நேச்சர் சஞ்சிகையில் வெளியிட்டனர். அம்மூவருள் ஒருவர் செர்ஜியோ ராப்பு. அத்தீவிற் பிறந்த தொல்பொருளாய்வாளர். இதனை வாசகர் நினைவில் இருத்துவாராக. பின்னர் இதற்குத் திரும்புவோம். 1991இலேயே டிரான்ஸ்பீல்ட் அம்மரத்துக்கு முறைப்படி விஞ்ஞானப் பெயர் வழங்கினார்: பாஸ்கலோகோகோஸ் டிஸ்பெர்ற்றா. பெயரின் முற்பாதி உயிர்த்த ஞாயிற்றையும் தென்னையையும் இணைக்கின்றது.

இவ்விடத்தில் நாம் சிறிது நிற்கவேண்டும். ஓர் இனத்தை விபரித்தல் என்பது தாவரநூலில் எளிய செயலன்று. இலை, பூ, கனி, தண்டு ஆகியவற்றை நுணுகி நோக்கி, அவ்வினத்துக்கு என்றென்றும் சாட்சியாக நிற்கவல்ல மாதிரி ஒன்றைக் குறித்துவைத்த பின்னரே பெயர் வழங்கப்படும். இங்கே இலை இல்லை, பூ இல்லை, நிழல் தந்த முடி எத்தகையதென்று கண்டவர் இல்லை. வெறும் சிரட்டையே ஒரு பெருமரத்தின் பிரதிநிதி. அவ்வாறிருக்கையில் டிரான்ஸ்பீல்டின் முன் இரண்டு வழிகள் இருந்தன. சிலி நாட்டு மரத்தோடு சேர்த்து, அதே சாதியின் மற்றுமோர் இனமென்று கூறிவிடுதல் ஒன்று. தனிச் சாதியாக நிறுத்துதல் மற்றொன்று. (தாவரநூலார் வழங்கும் சாதி என்னும் சொல் உறவை உணர்த்துவது; நம் ஊர்களிற் கிணற்றுக்கும் கோயிலுக்கும் வேலியிட்ட கொடுமையை உணர்த்துவதன்று.)

அவர் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். பூவையும் இலையையும் காணாமல் உறவை உறுதிப்படுத்த இயலாதென்பதால் அம்மரத்தைத் தனியே நிறுத்தினார். அது யூபேயாவே என்று பின்னர் வாதித்தோரும் உளர். அத்தீவில் ஒன்றுக்கு மேற்பட்ட பனைக்குடும்ப இனங்கள் இருந்திருக்கலாம் என்று கருதுவோரும் உளர். யார் சொல்வது சரியென்பது நமது விடயமன்று. கையில் உள்ள பொருள் எவ்வளவு பேசுமோ அவ்வளவே பேசுதல், அது பேசாதவிடத்துத் தாமும் மௌனமாக நிற்றல் என்ற ஒழுக்கம் இங்கு தெரிகின்றதே, அதுவே நமக்கு வேண்டியது. முதற்செய்தி வெளியானதற்கும் பெயர் சூட்டப்பட்டதற்கும் இடையில் ஏழு ஆண்டுகள் கழிந்தன. அறிவின் நேர்மைக்கு அவசரம் பகை.

இங்கே நம் இளைஞர் சிலர் ஒரு கேள்வியை எழுப்பக்கூடும். உயிரோடு இருக்கும் மனிதர் பெயரின்றி, பதிவின்றி, காணியின்றி வாழும் உலகில், செத்துப்போன மரத்துக்குப் பெயர் சூட்டுவதில் என்ன பயன்? இது ஓய்வு மிகுந்தோரின் விளையாட்டல்லவா? கேள்வி நியாயமானது, தட்டிக்கழிக்கத்தக்கதன்று.

பெயரற்ற ஒன்று இழக்கப்பட்டதாகக் கணக்கில் வருவதில்லை. ஒரு கிராமத்திற் கொள்ளைநோயால் மடிந்தோரின் பெயர்கள் பதியப்படாவிடில் அம்மரணங்கள் அடுத்த தலைமுறைக்கு நடவாத செய்திகளாகிவிடும். மரத்துக்கும் இது பொருந்தும். பெயர் கிடைக்கும்வரை ராப்பா நூயியின் புல்வெளி இயற்கையாகவே அமைந்த புல்வெளி என்று எண்ண இடமிருந்தது. பெயர் கிடைத்தபின் அது ஓர் இழப்பின் தடமாயிற்று. இழப்பு என்று தெரிந்தவிடத்தேதான் காரணம் எது, பொறுப்பாளி யார் என்னும் கேள்விகள் பிறக்கும். ஆகவே பெயர் சூட்டுதல் அறவியல் விசாரணையின் முதற்படி.

முதற்படி மட்டுமே என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். இரண்டாம் படியிலேதான் தவறு நேர்ந்தது. தாவரநூலார் அடக்கத்தோடு நின்ற இடத்தில், வேறு சிலர் துணிந்து நடந்தனர். அம்மரங்கள் எங்ஙனம் மறைந்தன என்பதற்கு ஒரு கதை உருவாயிற்று. தீவின் மக்கள் சிலை நகர்த்தும் மோகத்திற் காட்டை அழித்தனர். காடழிந்ததும் மண் அரித்தது, தோணி கட்ட மரமின்றி மீன்பிடி குன்றியது, பசி வந்தது, போர் மூண்டது, ஐரோப்பியர் வருமுன்னரே சமுதாயம் தன்னைத்தானே தின்று வீழ்ந்தது என்பது அக்கதை. அமெரிக்க அறிஞர் ஜரெட் டயமண்ட் 2005இல் வெளியிட்ட நூல் இதனை உலகெங்கும் பரப்பிற்று. கடைசி மரத்தை வெட்டியவன் வெட்டும்போது என்ன சொல்லியிருப்பான் என்பது அந்நூல் எழுப்பிய பெயர்பெற்ற கேள்வி.

கேட்டவுடன் நெஞ்சைத் தொடும் கேள்வி அது. ஆனால் அதன் அமைப்பைக் கவனியுங்கள். கடைசி மரம் இது என்று அறிந்தே ஒருவன் கோடரியை ஓங்கினான் என்று அது கொள்கின்றது. தீவின் முதற் குடியேற்றம் ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் நிகழ்ந்ததென்று ஆய்வாளர் பலர் இன்று கருதுகின்றனர். காடு சுருங்கியது அதன் பின்னர், சில நூற்றாண்டுகளாக, சிறிது சிறிதாக. எந்தத் தலைமுறையும் முழுக்காட்டையும் கண்டு வெறுந்தரையையும் கண்டதில்லை. பாட்டன் கண்ட காடு பேரனுக்குக் கதை. பேரன் கண்ட தோப்பு அவன் பேரனுக்குக் கதை. கடைசியாக நின்றது பெரும்பாலும் எவரும் பொருட்படுத்தாத, காய்க்காத ஒரு மரமாக இருந்திருக்கலாம். அதனை ஒருவன் வெட்டினான் என்பதற்கே சான்றில்லை.

மேலும், சிரட்டைகளே வேறொரு சாட்சியும் கூறின. அவற்றுட் பலவற்றில் எலி கறித்த தடம் இருந்தது. பொலினீசிய மக்களின் தோணிகளில் அவர்களோடு வந்த சிறிய எலி அது. தீவில் அதற்குப் பகையில்லை. உணவோ நிறைய இருந்தது. ரெரி ஹண்ட், கார்ல் லீப்போ ஆகிய ஆய்வாளர்கள், கொட்டைகளை எலி தின்றமையாற் புதுக்கன்றுகள் முளையாமற் போனமையே காட்டின் அழிவிற் பெரும்பங்கு வகித்ததென்று வாதித்தனர். இதனை மறுப்போரும் உளர். கொட்டைகளில் ஒரு பகுதியிலேதான் பற்றடம் உண்டென்றும், எரிந்த அடிக்கட்டைகளும் கரிப்படைகளும் மனிதன் காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டதைக் காட்டுகின்றனவென்றும் அவர்கள் சுட்டுகின்றனர். நெருப்பும் எலியும் ஒன்றாகவே தொழிற்பட்டிருத்தல் கூடும். முதிர்ந்த மரத்தை மனிதன் வீழ்த்தினான். அதன் இடத்தை நிரப்பவேண்டிய கன்றை எலி முளையிலேயே தின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கம் நிற்கும் நாம், அவர்களை ஒன்றும் அறியாக் குழந்தைகளாகச் சித்திரிக்கும் தவறுக்கு இரையாகக்கூடாது. ராப்பா நூயி மக்கள் காட்டை வெட்டினர், எரித்தனர். அதனை மறைத்து எலியின் தலையிற் பழியைச் சுமத்துவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று. வரலாற்றை ஆக்கும் மனிதர் அனைவரும் தமக்குக் கிடைத்த சூழ்நிலைக்குள்ளேயே அதனை ஆக்குகின்றனர். தம் செயலின் தொலைவிளைவுகள் அவர்களுக்குத் தெரிவதில்லை. காடழிந்தபின் அவர்கள் என்ன செய்தனர் என்பதே அவர்களின் மாண்பை அளக்கும் கோல். காற்றிலிருந்து பயிரைக் காக்கக் கல்மதில் வட்டங்கள் கட்டினர். ஈரம் உலராதிருக்க வயல்களில் உடைகற்களைப் பரப்பினர். எரிமலைக் கல்லையே உரமாக்கிக்கொண்ட உழவு அது. 1722இல் ரொக்கவீன் கண்ட செழிப்பான தோட்டங்கள் இவ்வுழைப்பின் பயன்.

அப்படியாயின் சமுதாயம் வீழ்ந்தது எப்போது? 2024இல் நேச்சர் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று பாரிஸ் நூதனசாலையில் உள்ள பதினைந்து ராப்பா நூயி மக்களின் எச்சங்களிலிருந்து பரம்பரைச் செய்தியைப் படித்தது. 17ஆம் நூற்றாண்டிற் சனத்தொகை திடீரெனச் சரிந்ததற்கான அடையாளம் அதில் இல்லை. சிறிய சமுதாயம் ஒன்று மெல்ல மெல்லப் பெருகி, 1860கள்வரை தொடர்ந்ததையே அது காட்டிற்று. தன்னைத்தானே தின்ற சமுதாயம் என்னும் கதைக்கு இது பேரிடி.

1860களில் நடந்ததை அறிய மகரந்தமணியோ சிரட்டையோ தேவையில்லை. எழுத்திலேயே உள்ளது. 1862 டிசெம்பர் தொடக்கம் பெரு நாட்டிலிருந்து வந்த ஆள்பிடி கப்பல்கள் ஏறத்தாழ 1,400 முதல் 1,500 வரையான மக்களைப் பிடித்துச் சென்றன. அது சனத்தொகையில் மூன்றிலொரு பங்கிற்கும் மேற்பட்டதாகும். தலைவரும் முதியோரும், ரொங்கோரொங்கோ என்னும் பலகை எழுத்தை வாசிக்க அறிந்தோரும் அதில் அடங்குவர். பெருவின் பண்ணைகளிலும் வீடுகளிலும் அவர்களிற் பெரும்பாலானோர் மடிந்தனர். வெளிநாட்டுக் கண்டனங்கள் எழுந்தபின் திருப்பி அனுப்பப்பட்டோருள்ளும் மிகச் சிலரே உயிரோடு கரைசேர்ந்தனர். அவர்களோடு பெரியம்மையும் கரையேறியது. பின்னர் வந்த பிரெஞ்சு வணிகன் ஒருவன் நிலத்தை ஆட்டுப்பண்ணையாக்க முனைந்தான். மக்களிற் பலர் வேறு தீவுகளுக்குச் சென்றனர். 1877இல் அத்தீவில் எஞ்சியோர் 111 பேர். ஒரு மொழி, ஓர் எழுத்து, ஒரு மக்கட்கூட்டம் முழுவதும் நூற்றுப் பதினொரு உயிர்களில் வந்து நின்றது.

1888இல் சிலி அத்தீவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1903 தொடக்கம் 1953 வரை வில்லியம்சன் பல்பூர் என்னும் பிரித்தானிய வணிக நிறுவனத்தின் கம்பனியொன்று தீவு முழுவதையும் ஆட்டுப்பண்ணையாக நடத்திற்று. மக்கள் ஹங்கா ரோவா என்னும் ஒரே ஊருக்குள், மதிலுக்குள், அடைக்கப்பட்டனர். தம் மூதாதையர் எழுப்பிய சிலைகளைச் சென்று காணவும் அனுமதி வேண்டும். பல பதினாயிரம் ஆடுகள் தீவெங்கும் உலாவின. மனிதர் பட்டிக்குள் இருந்தனர். 1914இல் அங்காத்தா என்னும் முதியவள் கம்பனிக்கு எதிராக மக்களைத் திரட்டினாள், கால்நடைகளைக் கைப்பற்றினர், கிளர்ச்சி அடக்கப்பட்டது.

இப்பொழுது இரு சாட்சியங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒருபுறம் ஒரு சிரட்டை. வாய்திறவாதது, பல பொருள் கொள்ளத்தக்கது. மறுபுறம் கப்பற் பதிவுகள், குத்தகைப் பத்திரங்கள், கம்பனிக் கணக்குகள். திகதியும் கையொப்பமும் உடையவை. முதலாவதைக் கொண்டு ஒரு மக்கட்கூட்டத்தின்மேற் பெருந்தீர்ப்பு எழுதப்பட்டது. இரண்டாவது பெரும்பாலும் அடிக்குறிப்பாக ஒதுக்கப்பட்டது. உலகெங்கும் பாடநூல்கள் கடைசி மரத்தை வெட்டியவனைப் பற்றிக் கேட்டன. கடைசி ரொங்கோரொங்கோ ஆசானைக் கப்பலேற்றியவன் என்ன எண்ணியிருப்பான் என்று கேட்டவர் எத்தனைபேர்?

இது தற்செயலன்று. கடைசி மரத்தின் கேள்வி, குற்றத்தைப் பெயரற்ற ஒரு தனிமனிதனின் மடமையிற் கொண்டுபோய் நிறுத்துகின்றது; அவனையே மனிதகுலத்தின் குறியீடாக்கி, நாமெல்லோரும் சமமாகக் குற்றவாளிகள் என்று முடிக்கின்றது. எல்லோரும் சமமாகக் குற்றவாளிகள் என்றால் எவரும் குற்றவாளி அல்லர் என்பதே அதன் பொருள். சுரங்கத்தின் உரிமையாளனும் அதில் மூச்சுத்திணறுபவனும், காட்டை ஏலத்தில் எடுத்தவனும் கூலிக்கு மரம் அரிந்தவனும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். டயமண்ட் இதனை நோக்கமாகக் கொண்டார் என்று கூறுவது அநீதி; இயற்கையை அழிக்கும் நம் காலத்தை எச்சரிக்கவே அவர் எழுதினார். எச்சரிக்கை அவசியமானதே. ஆனால் நல்ல எச்சரிக்கைக்காகக் கூறப்பட்ட பொய்யான உவமையும் பொய்யே. அதற்கான விலையை ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்த ஒரு சிறு மக்கட்கூட்டம் தன் நற்பெயராற் செலுத்துகின்றது.

இவ்வாதத்தை உரைத்துப் பார்க்க அம்மரத்தின் உறவினனாகிய யூபேயாவை நோக்குவோம். சிலியின் பெருங்காணிகளில் அம்மரத்தை வீழ்த்தி, வெட்டிய முனையிலிருந்து மாதக்கணக்கில் வடியும் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுப்பது வழக்கம். பனங்கட்டி காய்ச்சுவோர் நம்மவரிலும் உளர். ஆனால் நம் பனை நின்றபடியே பாளையிற் சுரக்கும், அங்கோ மரம் சாகவேண்டும். 1834இல் அந்நாட்டிற் பயணஞ் செய்த சாள்ஸ் டார்வின் இதனைத் தம் நூலிற் குறித்துள்ளார். அப்பெருந்தோப்புக்களின் மிகச் சிறு பங்கே இன்று எஞ்சியுள்ளது. வீழ்த்தியவன் கூலியாள், பாகை விற்றவன் காணிக்காரன். அங்கே எவரும் கோடரி பிடித்தவனின் உள்ளத்தை ஆராய்வதில்லை. காணியுரிமை, சந்தை, இலாபம் ஆகியவை தெளிவாகத் தெரிகின்றன. ராப்பா நூயியிலும் அதே அளவு தெளிவோடு நோக்கியிருக்கலாமல்லவா?

தீவிலேயே இன்னுமோர் அளவுகோல் உண்டு. தொரோமீரோ என்பது அத்தீவுக்கே உரிய சிறுமரம். நூற்றாண்டுகாலக் கோடரிக்கும் நெருப்புக்கும் எலிக்கும் பின்னரும் அது தப்பியிருந்தது. ஆடும் மாடும் தீவை நிறைத்தபின் எரிமலை வாயின் சரிவில் ஒரே மரமாகக் குறுகிற்று. நோர்வே நாட்டு ஆய்வாளர் தோர் ஹையடாலின் 1955–56 பயணத்தின்போது அம்மரத்தின் விதைகள் எடுக்கப்பட்டன. சுவீடனின் கோதன்பேர்க் தாவரவியற் பூங்காவில் அவை முளைத்தன. 1960அளவில் தீவில் நின்ற அக்கடைசி மரமும் மறைந்தது. அதன் பின்னர் அந்தக் கன்றுகளின் வழித்தோன்றல்களை மீண்டும் தீவில் நடும் முயற்சிகள் நடந்தன, பல தோற்றன. ஒரு மரத்துக்குப் பெயரும் சிரட்டையும் மட்டும் எஞ்சின. மற்றதற்கு விதை எஞ்சிற்று. உயிரோடு இருக்கும்போதே பெயரறிந்து, கணக்கறிந்து, கவலைப்பட்டதனால் விளைந்த வேறுபாடு இது. மேலே எழுந்த கேள்விக்கு இதனினும் சிறந்த மறுமொழி இல்லை.

பெயரைப் பற்றி ஒன்று கூறவேண்டும். பாஸ்கலோகோகோஸ் என்ற சொல்லிலே ஒல்லாந்தக் கப்பலின் நாட்காட்டி ஒளிந்திருக்கின்றது. சில நாள் மட்டும் தங்கி, கரையிறங்கியபோது பத்துப் பன்னிருவரைச் சுட்டுக்கொன்று சென்றவர்களின் திருநாள் அது. அம்மரத்தின் கொட்டையைத் தின்று, அதன் நிழலிற் பிள்ளைகளைக் கிடத்தி வளர்த்த மக்களின் சொல் எதுவும் அப்பெயரில் இல்லை. பெயர் சூட்டியவரின் மனத்திற் பகை இருந்ததென்று இதனாற் பெறப்படாது. விஞ்ஞானத்தின் சொல்வழக்கு யாருடைய கப்பல்கள் கடலை ஆண்டனவோ அவர்களின் வழியாக வளர்ந்தது என்பதே பெறப்படும். இதனை அறிந்துகொண்டு பெயரை வழங்குவது வேறு. அறியாமல் வழங்குவது வேறு.

அதனாலேதான் 1984ஆம் ஆண்டுச் செய்தியின் ஆசிரியர் வரிசையில் செர்ஜியோ ராப்புவின் பெயர் இருப்பது முக்கியமாகின்றது. தாத்தாவும் பாட்டியும் மதிலுக்குள் அடைபட்டிருந்த நிலத்தில், பேரன் அந்நிலத்தின் சிரட்டையை விஞ்ஞானத்துக்கு விளக்கும் ஐவருள் ஒருவனானான். இது தானாக நிகழவில்லை. 1964இல் அல்போன்சோ ராப்பு என்னும் இளம் ஆசிரியர் சந்தியாகோவிற் கற்றுத் திரும்பி, கடற்படையின் ஆட்சியை எதிர்த்து மக்களைத் திரட்டினார். அவரை மக்கள் தம் நகரத் தலைவராகத் தெரிவுசெய்தனர். 1966இல் அவர்களுக்குக் குடியுரிமைகளை அளித்த சட்டம் பிறந்தது. தம் பெயரால் தாமே பேசும் உரிமையை ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் தலைமையில் அம்மக்கள் வென்றெடுத்தனர்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, நமக்கான படிப்பினை இங்கே உள்ளது. நம் கையிலும் துண்டுகளே கிடைக்கின்றன: ஒரு கல்வெட்டின் பாதி, ஒரு பானை ஓடு, ஒரு புள்ளிவிபரம், அதிகாரி ஒருவரின் அறிக்கை. அத்துண்டு எவ்வளவு சொல்லுகின்றதோ அவ்வளவைத் தயங்காமற் சொல்லுவோம். சொல்லாததை அதன் வாயிலே திணிக்காதிருப்போம். ஏழைகளும் தொலைவில் உள்ளோரும் இறந்தோரும் குற்றவாளிகளாகக் காட்டப்படும்போதெல்லாம், அத்தீர்ப்பை எழுதியவரின் மேசையில் வேறு எந்தப் பத்திரங்கள் திறக்கப்படாமற் கிடக்கின்றன என்று கேட்போம். எத்தனை சான்றைக் கொண்டு யாரைக் குற்றஞ்சாட்டலாம் என்பது அறிவியலின் கேள்வி மட்டுமன்று, நீதியின் கேள்வியுமாகும். சிரட்டையை நோக்கிய தாவரநூலார் முதற்செய்திக்கும் பெயருக்கும் இடையே ஏழாண்டு காத்திருந்தார். மனிதரை நோக்கும் நாம் அதனினும் குறைந்த பொறுமை உடையவராக இருத்தல் தகாது.